விசையும் வடிவமும்: கட்டடக் கலை மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறை

கட்டடம் ஒன்றைக் காண்போரின் கண்ணுக்குப் புலப்படுவது அதன் வடிவம். புலப்படாதது அதனுள் ஓடும் விசை. கூரையின் எடை, அதன்மீது நிற்போரின் எடை, காற்றின் தள்ளல், நிலநடுக்கத்தின் உலுக்கல் ஆகிய யாவும் ஏதேனும் ஒரு வழியாகத் தரையைச் சென்றடைந்தே தீரவேண்டும். அவ்வழியைக் கட்டடம் வகுப்போர் முன்னரே அமைத்துக் கொடுத்திருப்பின் விசை அமைதியாகச் செல்லும். அமைத்துக் கொடாவிடின் அது தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். சுவரிற் காணும் வெடிப்புப் பலவேளைகளில் அவ்வாறு விசை தேடிக்கொண்ட வழியேயாகும்.

கட்டடக் கலை பயிலும் மாணாக்கர் வரைபடப் பலகையின்முன் அமர்ந்ததும் வடிவத்தை வரையத் தொடங்குகின்றனர். விசையைப் பற்றிய பாடமோ வேறொரு வகுப்பில், வேறோர் ஆசிரியரால், சூத்திரங்களாகக் கற்பிக்கப்படுகின்றது. இவ்விரண்டும் மாணாக்கரின் உள்ளத்தில் ஒன்றுசேராமலே போய்விடுவதும் உண்டு. அதன் பயனாக, முதலில் வடிவம், பின்னர் அதனை எவ்வாறேனும் நிற்கச் செய்தல் என்னும் வழக்கம் வேரூன்றுகின்றது. வடிவமும் விசையும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள் என்பதை எளிய கருவிகளைக் கொண்டு கற்பிக்கும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றது. பள்ளி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதனைத் தம் வேலைக்கேற்பச் சுருக்கியும் விரித்தும் பயன்படுத்திக் கொள்ளலாம்.

தென் அந்தமானில் இப்பாடத்தின் தேவை

2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேயரை அடுத்துள்ள புரோத்ராபூரை எடுத்துக்கொள்வோம். இவ்வூரில் ஒரு வீட்டை வகுப்பவர் மூன்று விசைகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, எங்கும் உள்ள புவியீர்ப்பு. இரண்டாவது, வங்கக் கடற்புயல்களின் காற்று. மூன்றாவது நிலநடுக்கம். 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய விதித்தொகுப்பு அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் முழுவதையும், அத்தொகுப்பிற் கூறப்பட்டவற்றுள் மிக்க அபாயமுடைய ஐந்தாம் மண்டலத்தில் சேர்த்துள்ளது. 1941-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் இத்தீவுகளைப் பெரும் நிலநடுக்கம் ஒன்று தாக்கியது. 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் வட அந்தமானின் திக்லிப்பூர்ப் பகுதி அதிர்ந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1 எனக் கணிக்கப்பட்டுள்ளது. அன்று தென் அந்தமானின் கரைநிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது.

ஆகவே, இங்கே புவியீர்ப்பை மட்டும் கணக்கிற் கொண்டு கட்டடக் கலையைக் கற்பித்தல் பாதிப் பாடமேயாகும். மாணாக்கன் இன்று தாளில் இடும் கோட்டின்கீழ் நாளை ஒரு குடும்பம் உறங்கப் போகின்றது என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

கையால் உணரும் முதற்பாடம்

விசையின் அடிப்படை வகைகள் மிகச் சிலவே. கயிற்றை இருபுறமும் இழுக்கும்போது அதனுள் தோன்றுவது இழுவிசை. செங்கல்லின்மீது பாரம் வைக்கும்போது அதனுள் தோன்றுவது அமுக்கவிசை. பலகையை இரு முனைகளில் தாங்கி நடுவில் அழுத்தினால் அது வளைகின்றது. வளைவு என்பது தனியொரு விசையன்று. இழுப்பும் அமுக்கமும் ஒரே பொருளில் அடுத்தடுத்து நிகழும் நிலையாகும்.

இதனை விளக்க ஒரு நீண்ட பஞ்சுறிஞ்சித் துண்டு போதும். அதன் பக்கவாட்டில் சம இடைவெளியிட்டு நேர்க்குத்தான கோடுகளை வரைந்து, இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்துக. மேற்புறத்தில் கோடுகள் நெருங்குகின்றன; கீழ்ப்புறத்தில் விலகுகின்றன; நடுவில் ஏறக்குறைய மாறாதிருக்கின்றன. மேற்பகுதி அமுக்கப்படுவதையும் கீழ்ப்பகுதி இழுபடுவதையும் மாணாக்கர் கண்ணாரக் காண்பர். காங்கிரீட்டு உத்திரத்தின் அடிப்புறத்தில் இரும்புக் கம்பி இடப்படுவது ஏன் என்ற வினாவிற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் மாடத் தளத்தில் அதே கம்பி மேற்புறத்தில் இருக்கவேண்டியதன் காரணத்தையும், துண்டின் ஒரு முனையை மட்டும் பற்றிக்கொண்டு மறுமுனையைத் தொங்கவிடச் செய்து அவர்களே கண்டறியுமாறு விடலாம்.

உத்திரமும் போதிகையும்

உத்திரத்தின் வலிமை அதன் அகலத்தைவிட ஆழத்தைப் பெரிதும் சார்ந்தது. அகலத்தை இருமடங்காக்கினால் வலிமை இருமடங்காகும். ஆழத்தை இருமடங்காக்கினால் நான்மடங்காகும். இவ்விதியை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எடுத்துக் கூறினார். 5 செ.மீ. அகலமும் 15 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு மரச்சட்டத்தைக் கருதுவோம். அதனைப் படுக்கையாக வைப்பதைக் காட்டிலும் நிறுத்தி வைத்தால் அதன் வலிமை 3 மடங்காகும். வளையாது நிற்கும் விறைப்போ 9 மடங்காகும். மரத்தின் அளவும் விலையும் மாறவில்லை. வைத்த வடிவம் ஒன்றே மாறிற்று.

தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்கள் இப்பாடத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கருங்கல் அமுக்கத்தைப் பெரிதும் தாங்கவல்லது. இழுப்பைத் தாங்குவதில் மிக மெலிந்தது. ஆதலின் கல் உத்திரம் நெடுந்தூரம் நீள இயலாது. தூண்கள் நெருங்கி நிற்கவேண்டும். தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகை இக்குறையை ஓரளவு தீர்க்கின்றது. தூண்களுக்கிடையே 3 மீட்டர் தொலைவு இருப்பதாகவும், போதிகைகள் அதனை 2 மீட்டராகக் குறைப்பதாகவும் கொள்வோம். சீராகப் பரவிய சுமையில் வளைக்கும் திறன் தொலைவின் வர்க்கத்திற்கேற்ப மாறுவதால் அது 9-க்கு 4 என்ற அளவிற்குக் குறைந்துவிடும். போதிகை வெறும் அலங்காரம் என்று எண்ணியிருந்த மாணாக்கன், அதில் அழகும் பயனும் பிரிக்கவியலாது கலந்திருப்பதை அன்று உணர்வான். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானம், கற்களை அடுக்கடுக்காக உள்நோக்கி நீட்டி, 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்பதும் கல்லின் இதே இயல்பை அறிந்தமையால் ஆகும். கி.பி. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலை எழுப்பியோர் இன்றைய சூத்திரங்களைப் பயன்படுத்தியவரல்லர். ஆயினும் விசையின் வழியை அறிந்தவர்.

தொங்கும் சங்கிலி

ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் சுவரிற் பொருத்தித் தொங்கவிடுக. சங்கிலியால் அமுக்கத்தைத் தாங்க இயலாது. வளைவை எதிர்க்கவும் இயலாது. ஆகவே அது தனக்கேற்ற வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்கின்றது. அவ்வடிவத்தில் இழுவிசையைத் தவிர வேறொன்றும் இல்லை. இனி அதன் பின்னே தாளை வைத்து வடிவத்தை வரைந்து, தாளைத் தலைகீழாகத் திருப்புக. இப்போது கிடைப்பது ஒரு வில்வளைவு. இழுப்பு இருந்த இடமெல்லாம் அமுக்கமாக மாறிவிட்டது. அமுக்கத்தை மட்டும் தாங்கவல்ல செங்கல்லுக்கும் மண்கட்டிக்கும் இதுவே உகந்த வடிவம்.

இவ்வுண்மையை ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் ஹூக் 1675-ஆம் ஆண்டில், எழுத்துகளை இடம் மாற்றிய புதிராக அமைத்து வெளியிட்டார். அதன் விடை அவர் மறைந்தபின்னரே உலகிற்குத் தெரிந்தது. 1748-ஆம் ஆண்டில் ரோமாபுரியின் புனித பேதுரு ஆலயத்துக் குவிமாடத்தில் தோன்றிய வெடிப்புகளை ஆராய்ந்த பொலேனி என்பார், குவிமாடத்தின் ஒவ்வொரு பகுதியின் எடைக்கும் ஏற்ற குண்டுகளைச் சரத்தில் கோத்துத் தொங்கவிட்டு, அதன் வடிவம் குவிமாடத்தின் கனத்திற்குள் அடங்குவதைக் காட்டினார். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி, ஓர் ஆலயத்தின் முழு அமைப்பையுமே கயிறுகளையும் சிறு பைகளையும் கொண்டு தலைகீழாகத் தொங்கவிட்டுப் பல்லாண்டு ஆராய்ந்தார்.

சங்கிலியைக் கொண்டு கணக்கும் கற்பிக்கலாம். 6 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் எழுச்சியும் உள்ள வளைவின்மீது மீட்டருக்கு 400 கிலோ சுமை சீராகப் பரவியிருப்பதாகக் கொள்க. மொத்தச் சுமை 2,400 கிலோ. ஒவ்வொரு பக்கச் சுவரும் 1,200 கிலோவை நேர்கீழாகத் தாங்கும். அத்துடன் வளைவு சுவரை வெளிநோக்கியும் தள்ளும். அவ்வுந்தலைப் பெற, ஒரு மீட்டர்ச் சுமையை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்தல் வேண்டும். இங்கே அது 1,200 கிலோ ஆகின்றது. எழுச்சியை 0.75 மீட்டராகக் குறைத்தால் உந்தல் 2,400 கிலோவாக உயரும். தட்டையான வளைவு கண்ணுக்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் அதன் விலையைப் பக்கச் சுவர் செலுத்தவேண்டும்.

புதுச்சேரிக்கு அருகே ஆரோவிலில் உள்ள மண் கட்டுமான நிறுவனம் இவ்வகைப் பயிற்சிக்குப் பெயர்பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வரும் கட்டடக் கலை மாணாக்கர் அங்கே அழுத்திய மண்கட்டிகளைக் கொண்டு வில்வளைவுகளையும் வளைகூரைகளையும் குவிமாடங்களையும் தம் கையாலேயே கட்டிப் பழகுகின்றனர். மண்கட்டிகளால் ஆன ஆரோவில் பார்வையாளர் மையம் 1992-ஆம் ஆண்டில் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தியின் பெயரால் வழங்கும் விருதைப் பெற்றது.

ஆயின் இவ்விடத்தில் ஆசிரியர் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தல் இன்றியமையாதது. சங்கிலி காட்டும் வடிவம், அதன்மீது அப்போதுள்ள சுமைக்கு மட்டுமே உரியது. தொங்கும் சங்கிலியைப் பக்கவாட்டில் அசைத்தால் அதன் வடிவம் மாறிவிடுகின்றது. கம்பியில்லாத கனத்த வளைகூரையையும் நிலநடுக்கம் அவ்வாறே பக்கவாட்டில் அசைக்கும். சங்கிலியைப் போல் வடிவம் மாற அதனால் இயலாது. ஆகவே அது பிளவுறும். நிலநடுக்க அபாயம் குறைந்த ஆரோவிலுக்குப் பொருந்திய வடிவத்தை அப்படியே புரோத்ராபூரில் எழுப்புதல் தகாது. எவ்விசைக்கு எவ்வடிவம் என்பதே கேட்கவேண்டிய வினா. எவ்வடிவம் அழகியது என்பது அதற்குப் பின்னரே.

சதுரமும் முக்கோணமும்

நான்கு மூங்கிற் குச்சிகளை மூலைகளில் நூலாற் கட்டிச் சதுரமாக்குக. ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்து விடும். எதிர்மூலைகளை இணைத்து ஒரு குச்சியைக் கட்டினால் சாய்வதில்லை. குச்சிக்குப் பதிலாக நூலைக் கட்டினால், ஒருபுறம் தள்ளும்போது நிற்கும். மறுபுறம் தள்ளும்போது நூல் தளர்ந்து சட்டம் சாயும். இரு மூலைவாட்டிலும் நூல் கட்டினால் இருபுறமும் நிற்கும். முக்கோணம் ஏன் உறுதியானது, இழுப்பை மட்டும் தாங்கும் உறுப்பு யாது என்னும் இரு பாடங்களும் பத்து நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஓட்டுக் கூரையின் கைமரங்களும் இதே பாடத்தையே கூறுகின்றன. எதிரெதிரே சாய்ந்து முகட்டில் சந்திக்கும் இரு கைமரங்கள், தம் அடியில் சுவர்களை வெளிநோக்கித் தள்ளும். அடிமுனைகளை ஒரு குறுக்குச் சட்டத்தால் பிணைத்துவிட்டால் முக்கோணம் முழுமையடைகின்றது. தள்ளல் சட்டத்தினுள் இழுவிசையாக அடங்கிவிடுகின்றது. தலையில் இடிப்பதாகக் கருதி அச்சட்டத்தை அறுத்தெறியும் வீட்டுக்காரர் எதனை அறுக்கின்றார் என்பதைக் களப்பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும்.

இலேசான கூரையும் கனத்த கூரையும்

நிலநடுக்கம் வெளியிலிருந்து கட்டடத்தைத் தள்ளுவதில்லை. தரை நகர்கின்றது, கட்டடத்தின் எடை இருந்த இடத்திலேயே இருக்க முயல்கின்றது, இவற்றின் முரண்பாடே விசையாகின்றது. ஆதலின் எடை எவ்வளவோ அவ்வளவு விசை. 60 சதுர மீட்டர்ப் பரப்புள்ள ஒரு கூரையைக் கருதுவோம். 12 செ.மீ. கனமுள்ள காங்கிரீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ வீதம் 18,000 கிலோ நிறைகொண்டது. நெளிதகடும் அதன் சட்டங்களும் சதுர மீட்டருக்கு 20 கிலோ எனக் கொண்டால் 1,200 கிலோவே ஆகும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் செயற்படுவதாக எளிமை கருதிக் கொண்டால், முன்னது சுவர்களின் தலையை 3,600 கிலோ விசையாலும் பின்னது 240 கிலோ விசையாலும் தள்ளும்.

இதைக் கண்ட மாணாக்கன் இலேசான கூரையே எப்போதும் நன்று என முடிவு கட்டிவிடுவான். அப்போது ஆசிரியர் காற்றைப் பற்றிய கணக்கைத் தருதல் வேண்டும். நொடிக்கு 40 மீட்டர், அஃதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 98 கிலோ. கூரையின்மேல் அதில் பத்தில் எட்டுப் பங்கு உறிஞ்சலாக மாறுவதாகக் கொண்டால், சதுர மீட்டருக்கு 78 கிலோ வீதம் காற்றுக் கூரையை மேல்நோக்கி இழுக்கும். காங்கிரீட்டுத் தளம் அசையாது. தகட்டுக் கூரையோ தன் எடை போக ஏறக்குறைய 3,500 கிலோ விசையால் மேலெழ முயலும். ஆகவே இலேசான கூரையைக் கைமரத்தோடும், கைமரத்தைத் தூணோடும், தூணை அடித்தளத்தோடும் இடையறாது பிணைத்தல் வேண்டும். புவியீர்ப்பின் வழி மேலிருந்து கீழ்நோக்கி அமுக்கமாகச் செல்கின்றது. காற்றுக்கோ அதே வழி இழுப்பாக மாறுகின்றது. ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வழி அறுந்துவிடும்.

இவ்விரு தேவைகளையும் நன்கு இணைத்த வடிவம் இத்தீவுகளிலேயே உள்ளது. கார் நிக்கோபாரின் மரபுவழி வட்டக் குடிசை, தூண்களின்மீது உயர்த்தப்பட்டு, குவிமாடம் போன்ற புல்வேய்ந்த கூரையுடன் விளங்குவது. அதன் கூரை இலேசானது. உருண்டை வடிவமாதலின் காற்று அதனைச் சுற்றி நழுவிச் செல்கின்றது. கட்டுகளால் ஆன இணைப்புகள் சிறிது நெகிழ்ந்து கொடுக்கின்றன. எனினும் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை வாரிச்சென்றது என்பதையும் மாணாக்கருக்குக் கூறுதல் வேண்டும். தவறான இடத்தை எந்த நல்ல வடிவமும் ஈடுசெய்யாது.

இக்குடிசையுடன் இன்றைய அடுக்குமாடி ஒன்றை ஒப்பிடச் செய்க. இரண்டும் தூண்களின்மீது நிற்கின்றன. இரண்டின் அடியும் திறந்தவெளியே. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தின் பூஜ் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில், வண்டிகளை நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைத் திறந்துவிட்ட பல மாடிக் கட்டடங்கள் இடிந்தன. குடிசையின் தூண்கள் சுமப்பது புல்லும் மரமும். இவற்றின் தூண்கள் சுமந்தவை பல அடுக்குக் காங்கிரீட்டும் செங்கற் சுவர்களும். மேல்மாடிகளைச் சுவர்கள் விறைப்பாக்கின. அசைவு முழுவதும் மெலிந்த அடித்தளத் தூண்களிலேயே குவிந்தது. இதனை வகுப்பிற் காட்ட, கோலிக்குண்டுகளின்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது குச்சிகளாலும் அட்டையாலும் ஆன மூன்றடுக்கு மாதிரியை நிறுத்தித் தட்டை முன்பின்னாக அசைத்தால் போதும். மேலிரண்டு அடுக்குகளுக்கு மட்டும் அட்டைச் சுவர் ஒட்டிய மாதிரி கீழடுக்கில் மடிவதையும், கீழடுக்கிலும் மூலைவாட்டுக் குச்சி சேர்த்தபின் நிற்பதையும் மாணாக்கர் காண்பர்.

ஒரு களப் பார்வை

புரோத்ராபூரிலிருந்து எளிதிற் சென்று காணத்தக்கது செல்லுலார் சிறைக் கட்டடம். 1896-ஆம் ஆண்டில் தொடங்கி 1906-ஆம் ஆண்டில் நிறைவுற்ற இதன் ஏழு சிறகுகள் நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல் விரிந்திருந்தன. இன்று எஞ்சியவை மூன்றே. மனிதரைத் தனிமைப்படுத்தி வதைக்க வகுக்கப்பட்ட வடிவம் இது. அக்கொடுமையை நினைவில் நிறுத்தியே இதனைப் பார்த்தல் வேண்டும். விசையை ஆராய்வோர் இங்குக் கவனிக்கத் தக்கவை இரண்டு. சிற்றறைகளைப் பிரிக்கும் குறுக்குச் சுவர்கள் நெருங்கி நிற்பதால், நெடுஞ்சுவர் பெட்டிகளின் வரிசைபோல் விறைப்புறுகின்றது. முன்புறத் தாழ்வாரத்தின் வில்வளைவுகளில் ஒன்றின் உந்தலை அடுத்தது எதிர்த்து நிற்கின்றது. வரிசையின் கடைசி வளைவை எது தாங்குகின்றது என்று மாணாக்கரையே தேடிக் காணச் செய்க. ஒவ்வொருவரும் ஒரு பகுதியை வரைந்து, அமுக்கத்தை ஒரு நிறத்திலும் இழுப்பை மற்றொரு நிறத்திலும் குறித்தல் நல்ல பயிற்சியாகும்.

பாடத்தின் வரிசை

மேற்கூறியவற்றிலிருந்து பாடத்திற்கு ஒரு வரிசை கிடைக்கின்றது. முதலில் கையால் உணர்தல். அடுத்து விசை செல்லும் வழியைப் படமாக வரைதல். பின்னர் தோராயக் கணக்கு. இறுதியில் நுண்ணிய கணக்கு. ஜூரிக் நகரில் ஆசிரியராயிருந்த கார்ல் குல்மன், விசைகளைக் கோடுகளாக வரைந்தே விடை காணும் முறையை 1866-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவரிடம் பயின்ற மொரீஸ் கேஷ்லேன், பாரிஸ் நகரின் ஐஃபல் கோபுரத்திற்கு முதல் வரைவை அமைத்தவருள் ஒருவர். 1889-ஆம் ஆண்டில் எழுந்த அக்கோபுரத்தின் கால்கள் கீழே விரிந்து மேலே குறுகுவது, காற்றின் திருப்புத்திறன் கீழே செல்லச் செல்லப் பெருகுவதைத் தழுவியதாகும்.

இன்று கணிப்பொறிகள் மிக நுண்ணிய கணக்கையும் நொடியில் முடித்துத் தருகின்றன. ஆயினும் கொடுக்கப்பட்ட வடிவத்தின் விசையைத்தான் அவை கூறும். அவ்வடிவத்தைத் தேர்ந்தது சரியா என்னும் தீர்ப்பு மாணாக்கருடையதே. ஆதலின் ஒவ்வொரு வரைபடத்தின் முன்னும் மூன்று வினாக்களை எழுப்பும் பழக்கத்தை ஆசிரியர் உண்டாக்குதல் நலம். மேலிருந்து வரும் எடை எவ்வழியே தரையை அடைகின்றது? பக்கவாட்டில் தள்ளினால் எது எதிர்த்து நிற்கும்? மேல்நோக்கி இழுத்தால் எது பிடித்து வைக்கும்? இம்மூன்றிற்கும் விரலால் தொட்டுக் காட்டி விடைகூற இயலுமாயின் அவ்வரைபடம் கணக்கிற்குத் தகுதி பெற்றதாகும். இயலாதாயின் அதனைத் திருத்துவதற்கு உரிய இடம் தாளேயாகும். அங்கே திருத்துவதற்கு ஓர் அழிப்பானே போதும்.